கை அடித்த பிறகு

எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்குக் காபியோடு ஒரு பிஸ்கட் கொடுப்போம். ஒன்றே ஒன்று. டின்னைத் திறந்து நீட்டுவோம், அவர் எடுப்பார், மூடி டப்பென்று விழும். அந்தச் சத்தத்தில் எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது, மாதா கோயில் மணி மாதிரி அது ஒரு வழக்கம். என் அக்கா ஃபென்னா அந்த மூடியை மூடுகிற வேகத்துக்கு ஊரில் பெயர் உண்டு. ஒருமுறை பாதிரியாரின் விரலே மாட்டிக்கொண்டது என்பார்கள். பாதிரியார் அதை மறுத்ததில்லை.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிஸ்கட்டை நான் தின்று முடித்த கொஞ்ச நேரத்தில் அக்கா டின்னைத் திறந்து மறுபடியும் என் முன்னால் நீட்டியபோது, எனக்குக் கிட்டத்தட்டக் கண் கலங்கிவிட்டது. வயதாகிவிட்டது, மனசு இளகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எடுத்தேன். அன்றைக்கு மூன்றாம் முறையும் நீட்டினாள். அதையும் எடுத்தேன். குதிரை வியாபாரி வீட்டில் பிறந்தவன், விலை தானாக இறங்கும்போது ஏன் என்று கேட்க மாட்டான்.

எங்கள் அப்பா குதிரை வியாபாரி. தாத்தாவும் அப்படியே. அதற்கு முன்னால் இருந்தவர்கள் குதிரைத் திருடர்களாக இருந்திருக்கலாம், குடும்பத்தில் அதைப் பற்றிப் பேச்சு எடுப்பதில்லை. அப்பாவுக்குப் பிறகு, ஜெர்மன் எல்லையோரத்து எங்கள் ட்ரென்த மாகாணத்துச் சந்தைகளில் எங்கள் பெயரைக் காப்பாற்றியது நான் இல்லை, அக்காதான். அவள் விலை பேசுவாள், நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவள் புருஷன் செத்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் காபி அவள் வீட்டில்தான். இந்த உலகத்தில் என்னை ‘டேய்’ என்று கூப்பிட மிச்சமிருப்பது அவள் ஒருத்தி.

எங்கள் வியாபாரத்தில் பத்திரம் முக்கியமில்லை, கைதான் முக்கியம். விற்கிறவர் விலையைச் சொல்லி வாங்குகிறவரின் உள்ளங்கையில் ஓங்கி அடிப்பார். அவர் குறைத்துச் சொல்லித் திருப்பி அடிப்பார். இப்படியே அடித்து அடித்து, கடைசி அடியில் இரண்டு கைகளும் பிரியாமல் நின்றுவிட்டால் முடிந்தது. அதன் பிறகு வானம் இடிந்து விழுந்தாலும் குதிரை வாங்கினவருடையது. இழுபறியாகப் போனால் மூன்றாவது ஆள் ஒருவர் இரண்டு பேர் கைகளையும் பிடித்துச் சேர்த்து, மேலே தன் கையை வைப்பார். அந்தக் கைக்கும் அதே மதிப்பு. கை அடித்துவிட்டுப் பின்வாங்கியவனை எங்கள் சந்தையில் யாரும் திட்ட மாட்டார்கள். அவனிடம் மறுபடியும் கை நீட்ட மாட்டார்கள், அவ்வளவுதான்.

அப்பா எங்களுக்குச் சொத்தாக விட்டுப்போனது ஒரு வாக்கியம். “விக்கிறவன் வாயைப் பாக்காதீங்க, கண்ணைப் பாக்காதீங்க. காலைப் பாருங்க. பொய் சொல்றவனோட கால் சும்மா நிக்காது.” சந்தைக்கு நாங்கள் எல்லோரும் மரச்செருப்பு போட்டுக்கொண்டுதான் போவோம். செங்கல் தரையில் கால் கொஞ்சம் இடம் மாறினாலும் டொக்கென்று கேட்கும். வியாபாரிக்கு வேறு வேதம் வேண்டாம்.

பிஸ்கட்டுக்குப் பிறகு வேறு சிலவும் வந்தன. எல்லாமே வேறு முகமூடி போட்டுக்கொண்டு வந்தன.

ஒருநாள் குதிரை ஏற்றுகிற இழுவண்டியைக் காரில் கட்டி இழுத்துக்கொண்டு, எப்போதோ மூடிப்போன ஒரு சந்தைக்குப் போய் நின்றாள். அங்கே இப்போது மரச்சாமான் கடை இருக்கிறது. கேட்டால், “அந்தப் பக்கம் ஒரு விவசாயி குதிரை விக்கறான்னு கேள்விப்பட்டேன். உன்கிட்ட சொன்னா நீ முந்திக்குவ” என்றாள். நான் பொறாமைப்பட்டேன்.

இன்னொரு நாள் விலை பேசும்போது படிப்படியாக இறங்கி வந்தவள், திடீரென்று முதலில் சொன்ன விலைக்கே திரும்பிப் போய்விட்டாள். எதிராளி ஆடிப்போய் அந்த விலைக்கே கை கொடுத்துவிட்டான். பக்கத்தில் நின்ற யான்னஸ் வாயைப் பிளந்தான். யான்னஸ் எங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன், தொழிலில் சுத்தமானவன், சிரிப்புதான் கொஞ்சம் அதிகம். அடுத்த வாரம் அவனும் அதே வித்தையைச் செய்து பார்த்தான். வாங்க வந்தவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அக்காவின் மட்டக்குதிரைகள் கொழுத்துக்கொண்டே போயின. “என்னக்கா, குதிரை வளக்குறியா, பன்னி வளக்குறியா?” என்று கேட்டேன். “பாக்க லட்சணமா இருந்தாதான் நல்ல விலை போகும். உன்னை யாரு வாங்குவா, எலும்பும் தோலுமா?” என்றாள்.

மந்தமானவனுக்கு மறதி வந்தால் ஊரே கண்டுபிடித்துவிடும். கெட்டிக்காரிக்கு வந்தால் அதுவும் கெட்டிக்காரத்தனம் மாதிரியே தெரிகிறது.

பிறகு அக்டோபர் சந்தை வந்தது. எங்கள் வட்டாரத்தில் வருஷத்தின் பெரிய குதிரைச் சந்தை அது. மூடுபனி, குதிரை மூத்திர வாடை, பொரித்த முட்டை உருண்டை வாசனை. அக்கா கூட்டி வந்த குதிரைகளில் ஒரு செந்நிறப் பெட்டை இருந்தது. சாந்தமானது, குழந்தைகள் வாலைப் பிடித்து இழுத்தாலும் நிற்கும். யான்னஸ் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். பல்லைப் பார்த்தான், குளம்பைத் தூக்கிப் பார்த்தான். அவனும் அக்காவும் அடித்துக்கொண்டதில் என் காதே வலித்தது. கடைசியில் கைகள் பிரியாமல் நின்றன. “ராசியா இருக்கட்டும்” என்றாள் அக்கா. “காபி குடிச்சுட்டு வண்டியைக் கொண்டாறேன்” என்று யான்னஸ் கூடாரத்துக்குப் போனான். நான் எங்கள் கிழட்டுக் குதிரை ஒன்றுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.

திரும்பி வந்தால், எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த ஒரு ஜெர்மன்காரர் அந்தச் செந்நிறப் பெட்டையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முகமெல்லாம் சிரிப்பு. அக்கா அவர் கையை அப்போதுதான் விட்டிருந்தாள்.

யான்னஸும் வந்துவிட்டான். கையில் காகிதக் கோப்பை.

“ஃபென்னாக்கா, இது என் குதிரை இல்ல?”

“எது?”

“இதுதான். கொஞ்ச நேரம் முன்னாடி நாம கை அடிச்சோமே.”

“யாரு?”

“நீங்களும் நானும்.”

அக்கா அவனை நேராகப் பார்த்தாள். “எப்பய்யா?” என்றாள்.

பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்த கைகள்கூட நின்றன. எனக்கு அப்பாவின் பழக்கம், கண் தானாகக் கீழே போயிற்று. அக்காவின் மரச்செருப்பு இரண்டும் தரையில் நட்ட மாதிரி இருந்தன. ஒரு அசைவு இல்லை, ஒரு சத்தம் இல்லை. என் வாழ்நாளில் இத்தனை உண்மையான கால்களை நான் பார்த்ததில்லை. அவள் பொய் சொல்லவில்லை. யான்னஸோடு கை அடித்த அந்த நேரம் அவளுக்குள் இல்லவே இல்லை.

அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. பிஸ்கட், மரச்சாமான் கடை, ஏறி இறங்கிய விலை, கொழுத்த குதிரைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்று முகமூடியைக் கழற்றின.

அக்காவுக்கும் ஏதோ விளங்கியிருக்க வேண்டும். எங்கள் முகங்களை ஒன்றொன்றாகப் பார்த்தாள். சரக்கு கைவிட்டுப் போகும்போது நல்ல வியாபாரி எதையாவது காப்பாற்றிக்கொள்வான். அவளும் ஒரு நொடியில் முடிவு செய்தாள்.

“ஆமாய்யா, அடிச்சேன்” என்றாள் தலையை நிமிர்த்தி. “இவரு கூடுதலா குடுத்தாரு. குடுத்துட்டேன். அதுக்கு இப்ப என்ன?”

டொக். இடது கால் நகர்ந்தது. டொக், டொக். வலது கால்.

யான்னஸ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. காபியைக் கீழே ஊற்றிவிட்டு, “சரிக்கா” என்று சொல்லிப் போனான். அன்று மத்தியானம்வரை அக்கா குதிரைகளோடு நின்றாள். யாரும் வந்து கை நீட்டவில்லை. வணக்கம் சொன்னார்கள், பனியைப் பற்றிப் பேசினார்கள், கையை மட்டும் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டார்கள். திரும்பி வரும் வழியில் அவள் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பழக்கமில்லாத கையுறையைப் பார்ப்பது போல.

ஞாயிற்றுக்கிழமை போனேன். காபி வந்தது. பிஸ்கட் வந்தது. மூடி விழுந்தது. நான் சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன்.

“அக்கா, யான்னஸை நீ ஏமாத்தலை.”

“ஏமாத்தினேன்டா. சந்தையே சொல்லுது. நீ ஒருத்தன்தான் நல்லவ பட்டம் குடுக்க வந்திருக்க.”

“உன் காலைப் பாத்தேன்.”

அவள் கெட்டிலை எடுத்து அடுப்பில் வைத்தாள். அது ஏற்கெனவே கொதித்து முடித்த கெட்டில். வைத்த பிறகு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு இறக்கி வைத்தாள்.

“அப்பாவுக்கு வேற வேலை இல்ல” என்றாள். “காலைப் பாரு, காலைப் பாருன்னு உனக்கும் சொல்லிக்குடுத்துட்டுப் போயிட்டாரு.”

“எப்பலருந்துக்கா?”

“எது எப்பலருந்து?”

“தெரியும் உனக்கு.”

மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். மேல்விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே பேசினாள். “காலைல லாயத்துக்குப் போறேன். குதிரைங்க என்னைப் பாக்குது. தீனி போட்டேனா இல்லையான்னு நான் யோசிக்கிறேன். அதுங்களக் கேட்டா, ‘இல்லவே இல்ல’ங்குது. குதிரை பொய் சொல்லும்டா, தெரியுமா உனக்கு. சரின்னு மறுபடியும் போடுவேன்.”

“அதான் பீப்பா மாதிரி ஆயிடுச்சுங்க.”

“நீயும் அதுங்களும் ஒண்ணுதான். ரெண்டாவது தடவை போட்டாலும் வாய மூடிக்கிட்டுத் திங்கிற ஜாதி.”

எனக்கு முகம் சூடாயிற்று. “உனக்குத் தெரியுமா அது?”

“அப்ப தெரியல. அப்புறம் டின்னைப் பாத்தேன், பாதி காலி. வீட்டுக்கு வர்ற ஆளு நீ ஒருத்தன்.” சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. “நீ சொல்லியிருக்கலாமேடா.”

“நீ நல்லவளாயிட்டன்னு நெனச்சேன்க்கா.”

“நான் நல்லவளாகிற அளவுக்கு நெலம மோசம்னு உனக்கே தோணலையா?”

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான், டாக்டரிடம் போகலாம் என்றேன். அவள் முகம் மூடிக்கொண்டது, அந்த டின் மாதிரியே.

“கேளு” என்றாள். “திருடின்னு சொன்னாங்கன்னு வெச்சுக்கோ, அவங்களுக்கு என்மேல ஒரு பயம் இருக்கும். தலை நிமிந்து நடக்கலாம். மூளை போச்சுன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க? கிழட்டுக் குதிரையைத் தட்டிக்குடுக்கிற மாதிரி தோளைத் தட்டிக்குடுப்பாங்க. விலை கேக்க மாட்டாங்க, கைய அடிக்க மாட்டாங்க. தட்டுவாங்க. என்னால அது முடியாது.”

“இப்பவும்தான் யாரும் கைய அடிக்கல.”

“அது தெரியுது.”

“அப்ப எதைக் காப்பாத்துற?”

வெளியே லாயத்தில் ஒரு குதிரை கனைத்தது. தீனி கேட்கிறது, பொய்க்காரப் பயல். நான் என் கையை மேஜைமேல் நீட்டினேன், உள்ளங்கை மேலே பார்க்க. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இந்த வாரம் டாக்டர்கிட்ட” என்றேன், மேஜைமேல் இருந்த அவள் கையில் அடித்தேன்.

வியாபாரியின் ரத்தம், என்ன செய்வது. கை நீட்டினால் அடிக்காமல் இருக்க முடியாது. “வசந்த காலம்” என்று திருப்பி அடித்தாள்.

“இந்த மாசம்.”

“கிறிஸ்துமஸ் போகட்டும்.”

“கிறிஸ்துமஸுக்குள்ள எல்லாக் குதிரையும் வெடிச்சுடும். பத்து நாள்.”

“டாக்டர்கிட்ட நீ வாயத் தொறக்கக் கூடாது.”

“அவங்க கேட்டா சொல்லுவேன். கேக்கலைன்னா பேச மாட்டேன்.”

“கைய இறுக்கிப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போகக் கூடாது. பக்கத்துல நடந்து வரணும்.”

“சரி.”

“அங்கருந்து வந்து ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. சொல்லணும்னா நான் சொல்லுவேன்.”

“சரிக்கா. பத்து நாள்.”

ஓங்கி அடித்தாள். கை பிரியவில்லை. வயதானாலும் அந்த அடியில் ஒன்றும் குறையவில்லை, என் விரல் சிவந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள். “டேய், இதையே நான் மறந்துட்டேன்னா? நாளைக்கு வந்து கேக்கறப்ப, எப்படா அடிச்சோம்னு சொன்னா?”

“சொல்லு. கால் அசையாம சொல்லுவ. நான் உன்னை நம்புவேன். நம்பிட்டு, மறுபடி முதல்லருந்து விலை பேசுவேன்.”

“அடுத்த தடவை இவ்வளவு மலிவா விட மாட்டேன்” என்றாள். ஆனால் கையை எடுக்கவில்லை. காபி ஆறிப்போயிற்று. அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அவள் மறக்கவில்லை. போகிற அன்று காலை எனக்கு முன்னால் அவள் தயாராக நின்றாள், சந்தைக் கோட்டைப் போட்டுக்கொண்டு.

டாக்டர் ஒரு இளம்பெண், பொறுமைசாலி. அக்காவிடம் நிறையக் கேட்டார், எழுதச் சொன்னார், வரையச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க என்ன கவனிச்சீங்க?” என்றார்.

“இவனா?” என்றாள் அக்கா. “இவன் பிஸ்கட்டைத் தவிர ஒண்ணும் கவனிக்கல.”

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் எதையும் அடித்துச் சொல்லவில்லை. மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம் என்றார். தைராய்டு, வைட்டமின் குறைவு, தூக்க மாத்திரை, துக்கம், இவற்றாலும் இப்படி வரலாம், முதலில் ரத்தத்தைச் சோதிக்கலாம், பிறகு நினைவாற்றல் சோதிக்கிற இடத்துக்கு அனுப்புகிறேன் என்றார். சீக்கிரம் வந்தது நல்லது, எதுவாக இருந்தாலும் யோசித்து முடிவெடுக்க உங்களுக்கே நேரம் இருக்கிறது என்றார்.

“இருக்கலாம், இருக்கலாம்னா எப்படி? கடைசி விலை சொல்லுங்க” என்றாள் அக்கா.

“இன்னைக்கு என்னால சொல்ல முடியாதும்மா.”

“குறைக்க முடியாதா?”

டாக்டர் சிரித்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்தார். தட்டவில்லை, பிடித்தார். அக்கா அதைக் கவனித்தாள். வெளியே வந்ததும், “பொண்ணு பரவாயில்ல. வியாபாரத்துக்கு வந்திருந்தா பொழச்சிருக்கும்” என்றாள்.

ரத்தச் சோதனையில் வைட்டமின் கொஞ்சம் குறைவு என்று வந்தது. ஊசி போட்டார்கள். மற்ற சோதனைக்குத் தேதி வரவேண்டும். ஊசிக்குப் பிறகு தேறிவிட்டாள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். சில நாள் தேறியிருந்தாள், சில நாள் இல்லை. லாயத்தில் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். தீனி போட்டதும் காலி வாளியைக் கதவில் கவிழ்த்து மாட்டிவிட வேண்டும். குதிரைகளுக்கு அந்த வாளியை அறவே பிடிக்கவில்லை.

நவம்பர் சந்தைக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். குளிரில் எல்லோரும் கூடாரத்துக்குள் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா நேராக யான்னஸ் உட்கார்ந்திருந்த மேஜைக்குப் போனாள். அவன் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தான். நான் இரண்டடி தள்ளி நின்றேன், பேசாமல். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

“யான்னஸ், அன்னைக்கு உன்னை நான் ஏமாத்தல” என்றாள். எல்லோருக்கும் கேட்டது. “உன்கிட்ட கை அடிச்சது எனக்கு ஞாபகத்துலயே இல்ல. மறந்துட்டேன். மறதி வருது எனக்கு. என்னன்னு டாக்டருங்க பாக்கறாங்க. ஏமாத்தினேன்னு சொன்னதுதான் பொய்.”

யான்னஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவனும் எங்கள் சந்தையில் வளர்ந்தவன்தானே, கீழே பார்த்தான். கூடாரத்தின் பலகைத் தரையில் அவள் மரச்செருப்புகள் இரண்டும் அசையாமல் இருந்தன. கொஞ்ச நேரம் பார்த்தான். பக்கத்து மேஜையில் ஒருவர் எழுந்து அவள் தோளைத் தட்டக் கையை உயர்த்தினார். யான்னஸ் அவரை ஒரு பார்வை பார்த்தான். கை இறங்கிவிட்டது.

“வெளிய கட்டியிருக்கே, வெள்ளைக் குதிரை” என்றான் யான்னஸ் அக்காவிடம். “அது உங்களோடதா?”

“ஆமா.”

“அது குதிரையா, இல்ல குதிரைத் தோல் போத்தின பீப்பாயா?”

அக்காவின் முகத்தில் எனக்குத் தெரிந்த பழைய அக்கா எட்டிப்பார்த்தாள். “உன் வீட்டு வைக்கோலைத் தின்னா ரெண்டே வாரத்துல மெலிஞ்சுடும், கவலைப்படாத.”

வெளியே போனார்கள். கூடாரத்தில் இருந்தவர்கள் பாதிப் பேர் சூப் கிண்ணத்தோடு பின்னாலேயே வந்தார்கள். யான்னஸ் அநியாயத்துக்குக் குறைத்துக் கேட்டான். ஒரு இரக்கமும் காட்டவில்லை, கடவுள் அவனை ஆசீர்வதிக்கட்டும். அக்கா அவன் பாட்டன்வரைக்கும் போய்த் திட்டினாள். கைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. நடுவில் ஒருமுறை அவள் விலையைத் தொலைத்துவிட்டு நின்றாள். யான்னஸ் காத்திருந்தான், எடுத்துக் கொடுக்கவில்லை, இரக்கப்பட்டுத் தலையாட்டவும் இல்லை. குதிரையின் குளம்பைச் சோதிப்பது மாதிரி குனிந்துகொண்டிருந்தான். அவள் ஒரு விலையைச் சொல்லி அடித்தாள். அது முன்பு சொன்னதைவிட அதிகம். “இந்த வித்தை எனக்குத் தெரியும்க்கா” என்று மட்டும் அவன் சொன்னான்.

கடைசி அடியில் கைகள் பிரியாமல் நின்றன. யான்னஸ் என் பக்கம் திரும்பினான்.

“எக்பெர்ட் அண்ணே, வந்து கைய வைங்க.”

“எதுக்குடா? அதான் முடிஞ்சுபோச்சே” என்றாள் அக்கா.

“இருக்கட்டும்க்கா. எனக்கும் வயசாகுதில்ல. நான் மறந்துட்டா?”

நான் போய் இருவர் கைகளுக்கும் மேலே என் கையை வைத்தேன். அக்காவின் விரல்கள் குளிர்ந்திருந்தன, பிடி மட்டும் அப்படியே இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். எதற்கு இந்த மூன்றாவது கை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் கையை உருவிக்கொள்ளவில்லை.

பிறகு யான்னஸ் குதிரையின் கயிற்றை அவிழ்த்துத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

“காபி குடிக்கப் போகலையா?” என்றாள் அக்கா.

“இதையும் கூட்டிக்கிட்டேதான் போகப் போறேன்.”

“இப்பவாவது புத்தி வந்துச்சே” என்றாள் என் அக்கா.